கடைசியாகக் கேட்ட கேள்வி

சின்னப்பா வீட்டில் எது நடந்தாலும் கை தூக்கித்தான் நடக்கும். கேட்டுக்குப் பச்சை பெயின்டா நீலமா, ஈஸ்டருக்கு யார் வீட்டுக்குப் போவது, நாய் வளர்ப்பதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. மனுஷன் ஃபாக்டரியில் யூனியன் செயலாளராக இருந்தவர். அங்கே பிடித்த பழக்கத்தைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். விவேக் நகரில் மற்ற வீடுகளில் அப்பா அதட்டுவார், அம்மா மூக்கைச் சிந்துவார், காரியம் ஆகிவிடும். இந்த வீட்டில் ஸ்டீல் டம்ளரால் மேஜையைத் தட்டி, "கூட்டம் ஆரம்பம்" என்று சொன்னால்தான் ஆகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளர் தட்டப்போவது சின்னப்பாவுக்காகவே.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு போதும். சின்னப்பா பாத்ரூமில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். இனி அவர் எங்கே இருப்பது என்பதுதான் பிள்ளைகள் மூன்று பேருக்கும் முன்னால் நிற்கிற கேள்வி. பிரிஜெட்டோடு இதே வீட்டிலா? கடைசிப் பையன் டிரேவரின் ஃப்ளாட்டிலா? ஓசூர் ரோட்டைத் தாண்டி சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் ஹோமிலா?

பிரிஜெட்டுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவள் பிறந்ததும் இந்த வீட்டில்தான், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் மதலைமுத்துவோடு குடியிருப்பதும் இந்த வீட்டில்தான். நர்சரி ஸ்கூலில் நாளெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டுச் சாயங்காலம் வந்தால், "வந்துட்டியாம்மா?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் இல்லாத வீட்டுக்குள் காலை எடுத்து வைப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மகள் கூடவே இருக்கும்போது அப்பாவை ஹோமில் விட்டார்கள் என்று கோவில் வாசலில் நாலு பேர் பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அந்த மௌனத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியாது.

ஆகவே காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்தே அவள் எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சந்தேகம் அண்ணன் டெஸ்மண்ட் மேல். ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் நேராகப் பின்பக்கம் போனார். பாத்ரூம் வாசலில் இருந்த ஒற்றைப் படியைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"இந்தப் படிய இன்னும் சமம் பண்ணலையா?"

"சொல்லி வெச்சிருக்கேண்ணா. மேஸ்திரி வரேன் வரேங்கறான்."

"நீ ஸ்கூலுக்குப் போயிட்டா டாடி தனியாதானே?"

"அவர் இருக்காரே. வீட்ல இருந்துதானே இன்சூரன்ஸ் வேலை பாக்கறார்? அன்னைக்கு டாடியத் தூக்கிட்டு ஆட்டோல ஓடினது யாரு?"

டெஸ்மண்டுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. "மாப்ள இருந்ததால உயிர் பொழச்சாரு" என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் படியை விட்டு அவர் கண் எடுக்கவில்லை. தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார் என்று பிரிஜெட்டுக்குப் புரிந்தது.

இரண்டாவது சந்தேகம் டிரேவர் மேல். தம்பிதான், தூக்கி வளர்த்தவள் அவள். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். "அக்கா, புடவை சூப்பர்" என்றான். அவன் வாயிலிருந்து புடவையைப் பற்றி ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வருஷமாகிறது.

மூன்றாவது சந்தேகம் டிரேவரின் மனைவி குளோரியா மேல். இது கொஞ்சம் கனமான சந்தேகம். ஏனென்றால் இன்றைக்கு நாற்காலியில் உட்காரப்போகிறவள் அவள்.

"விஷயத்துல சம்பந்தப்பட்டவன் கூட்டத்துல உட்காரக் கூடாது. அதான் முறை" என்று சின்னப்பா முன்பே சொல்லிவிட்டார். "ஓட்டு இல்லாத ஆள்தான் நாற்காலில உட்காரணும். குளோரியா நடத்தட்டும்."

பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஓட்டு, மருமக்களுக்குக் கிடையாது என்பது இந்த வீட்டுச் சட்டம். அப்படிப் பார்த்தால் மதலைமுத்துவுக்கும்தான் ஓட்டு இல்லை. "அவரே நடத்தலாமே டாடி?" என்று பிரிஜெட் கேட்டதற்குச் சின்னப்பா, "அவருக்கு வேலை இருக்கும்" என்று முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அவளுக்கு விளங்கவில்லை.

மதலைமுத்து இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை. காலையில் மாமாவுக்கு அவரே காபி கலந்து அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். பிரிஜெட் பிறகு போய்ப் பார்த்தபோது அது ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"குடிக்கலையா டாடி?"

"வாய் கசக்குது. நீ வேற போட்டுக் கொடு."

அவள் போட்டுக் கொடுத்ததைச் சொட்டு மீதி இல்லாமல் குடித்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது என்று அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் அறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னை வெளியே நிறுத்துகிற மாதிரி அவளுக்குச் சுருக்கென்றது. இப்போதும் கேட்டது.

ஹாலில் மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மதலைமுத்து வாசலில் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். குளோரியா டம்ளரை எடுத்து மேஜையைத் தட்டினாள். பூனை பால் குடிக்கிற சத்தம்தான் வந்தது.

"டம்ளர் உடையாதும்மா, பலமா தட்டு" என்றார் டெஸ்மண்ட்.

அவள் மறுபடி தட்டினாள். "கூட்டம் ஆரம்பம். மாமா சொன்ன மாதிரி ரெண்டு ரெண்டாதான் கேக்கப்போறேன். தோத்தது வெளிய. மறுபடி உள்ள எடுக்கக் கூடாது. முதல் கேள்வி. மாமா இந்த வீட்லயே இருக்கணுமா, இல்ல எங்க ஃப்ளாட்டுக்கு வரணுமா? இந்த வீடுன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

பிரிஜெட்டின் கை கேள்வி முடிவதற்குள் மேலே போய்விட்டது. எதிரே பார்த்தாள். டெஸ்மண்ட் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். போச்சு என்று நினைப்பதற்குள், பக்கத்தில் டிரேவரின் கை உயர்ந்தது.

"ரெண்டு கை. இந்த வீடு ஜெயிச்சாச்சு. எங்க ஃப்ளாட் வெளிய."

பிரிஜெட்டுக்குத் தம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து அவனைச் சந்தேகப்பட்டதற்காகக் குழந்தை இயேசுவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

"ரெண்டாவது கேள்வி. மாமா இந்த வீட்ல இருக்கணுமா, இல்ல ஹோமுக்குப் போகணுமா? ஹோம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

டெஸ்மண்ட் தூக்கினார். அது தெரிந்ததுதான். டிரேவர் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தபடியே கையைத் தூக்கினான்.

"டேய்!" என்றாள் பிரிஜெட்.

"தீர்மானம்... ஹோம்" என்றாள் குளோரியா, டம்ளரைப் பார்த்தபடி.

"டேய் டிரேவர், இப்பதானேடா இந்த வீட்டுக்குக் கை தூக்குன? அதுக்குள்ள என்னடா ஆச்சு?"

அறைக்குள்ளிருந்து சின்னப்பாவின் குரல்தான் வந்தது.

"தீர்மானம் ஆயிடுச்சா?"

"ஆச்சு மாமா. ஹோம்."

"சரி. சாப்பாடு போடுங்க."

அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை. சொந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னவர்களிடம் சோறு போடச் சொல்கிற மனுஷனை நினைத்து பிரிஜெட்டுக்குக் கண் நிறைந்தது. வாசலில் நின்ற மதலைமுத்து செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ தளர்ந்தது. வருத்தம்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சரி, மெஜாரிட்டிக்கு மேல என்ன இருக்கு?" என்றார் அவர்.

சாப்பாட்டில் பீஃப் வறுவல் இருந்தது, யாருக்கும் ருசிக்கவில்லை. அப்பாவின் தட்டைப் பிரிஜெட் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் மதலைமுத்து, "எல்லாரும் ஏன் இப்படி உம்முனு இருக்கீங்க? ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பிரிஜெட் டிரேவரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"உண்மையச் சொல்லு. நீயும் அண்ணனும் முன்னாடியே பேசி வெச்சீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குடா மாத்தி மாத்திக் கை தூக்குன? ஒரு நிமிஷத்துல புத்தி மாறுமா?"

"மாத்தலக்கா. கேட்டதே வேற வேற கேள்வி. எங்க ஃப்ளாட்டா இந்த வீடான்னா இந்த வீடுதான். நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா டாடிய பன்னெண்டாவது மாடில வெச்சுப் பூட்டிட்டா போறது? ஆனா இந்த வீடா ஹோமான்னா, எனக்கு எப்பவும் ஹோம்தான். அங்க நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வராங்க. நீ மட்டும் எத்தன நாள் தாங்குவ?"

"என்னத் தாங்க முடியாதவளாக்கிட்டியா?"

"ஹோக்லி பிடுக்கா. போகட்டும் விடு. சண்டை வேணாம்."

கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவுவது அவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம். அவன் கண்ணில் பொய் இல்லை என்பதுதான் பிரிஜெட்டை இன்னும் குழப்பியது. பொய் சொன்னால் அவனுக்கு மூக்கு நுனி சிவக்கும். சிவக்கவில்லை.

அப்படியானால் அண்ணன்தான் என்று வாசலுக்குப் போனாள். டெஸ்மண்ட் கேட்டருகே நின்று பட்டறைப் பையனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பர்தீனப்பா, ஸ்வல்ப இரு" என்று, வருவதாகக் கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். என்மேல உங்களுக்குக் கோபம்தானே? அதுக்காகத்தான் டாடிய ஹோமுக்கு அனுப்பறீங்க?"

"யார் சொன்னது? எனக்கு ஹோம் பிடிக்கவே பிடிக்காது."

"கை தூக்குனீங்களே!"

"இந்த வீடா ஹோமான்னு கேட்டா வேற என்ன பண்றது? விழுந்த இடத்துல மறுபடி கொண்டாந்து விட எனக்கு மனசு வரல. என் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இல்லன்னா நானே தூக்கிட்டுப் போயிருப்பேன். எனக்கு முதல்லேருந்து டிரேவர் ஃப்ளாட்தான். லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. முதல் கேள்வியிலயே நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதத் தூக்கி வெளிய போட்டுட்டீங்க."

பிரிஜெட் அவரையே பார்த்தாள். "ஹோமா ஃப்ளாட்டான்னு கேட்டிருந்தா?"

"ஃப்ளாட்."

"நானும் ஃப்ளாட்னுதான் சொல்லியிருப்பேன். ஹோமுக்கு அது எவ்வளவோ மேல். அப்ப நாம ரெண்டு பேர்ணா. மெஜாரிட்டி நாமதானே?"

டெஸ்மண்ட் தலையைச் சொறிந்தார். "ஆமால்ல? அப்ப எப்படி ஹோம் ஜெயிச்சது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "டாடி கூட போன வாரம் போன்ல இதத்தான் கேட்டாரு. எது முதல்ல, அது இல்லன்னா எதுன்னு. பொழுது போகாம கேக்கறார்னு நெனச்சேன்."

கடைசியில் சொன்னதைப் பிரிஜெட் காதில் வாங்கவில்லை. அவள் மனசு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்மேல் இருந்தது.

சமையலறைக்கு வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களில் மூன்றை எடுத்து மேடைமேல் வைத்தாள். ஒன்று இந்த வீடு. ஒன்று ஃப்ளாட். ஒன்று ஹோம். நர்சரிப் பிள்ளைகளுக்கு எதையும் பொருளை வைத்துச் சொல்லிக் கொடுத்தே பழகியவள், தனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

வீடும் ஃப்ளாட்டும் மோதினால் வீடு ஜெயிக்கும், அவளும் டிரேவரும் ஒரு பக்கம். வீடும் ஹோமும் மோதினால் ஹோம் ஜெயிக்கும், அண்ணனும் தம்பியும் ஒரு பக்கம். ஹோமும் ஃப்ளாட்டும் மோதினால் ஃப்ளாட் ஜெயிக்கும், அவளும் அண்ணனும் ஒரு பக்கம். ஃப்ளாட்டும் வீடும் மோதினால், திரும்பவும் வீடு. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஒரு இடத்தில் நிற்கவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கட்சி மாறவில்லை. அவரவர் மனசில் இருந்ததைத்தான் அவரவர் சொன்னார்கள். மூன்று பேரையும் சேர்த்து வைத்தால் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு புத்தி இல்லாமல் போகிறது.

அவள் டம்ளர்களை மாற்றி மாற்றி மோதவிட்டாள். முதலில் ஹோமையும் ஃப்ளாட்டையும் கேட்டால் ஃப்ளாட் ஜெயிக்கும், பிறகு அதை வீடு தோற்கடிக்கும். அப்பா இங்கேயே இருந்திருப்பார். முதலில் ஹோமையும் வீட்டையும் கேட்டால் ஹோம் ஜெயிக்கும், பிறகு அதை ஃப்ளாட் தோற்கடிக்கும். அண்ணன் ஆசை பலித்திருக்கும். எப்படிப் போட்டாலும் முதல் மோதலில் இறங்காமல் ஒதுங்கி நின்றது கடைசியில் வந்து ஜெயித்தது.

இன்றைக்கு ஒதுங்கி நின்றது ஹோம். டிரேவருக்கு வேண்டியதும் ஹோம். கேள்வி கேட்டது டிரேவரின் பெண்டாட்டி.

பிரிஜெட்டுக்கு உச்சி முதல் பாதம் வரை கொதித்தது. பார்த்தால் பச்சைத் தண்ணீர், வாய் திறந்தால் அண்ணி அண்ணி என்று தேன் வடியும்! பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த குளோரியாவின் முன்னால் போய் நின்றாள்.

"எந்த ஸ்கூல்ல கத்துக்கிட்ட இத?"

"எத அண்ணி?"

"எதை முதல்ல கேக்கணும், எதைக் கடைசில கேக்கணும்னு. ஹோமைக் கடைசி வரைக்கும் ஒளிச்சு வெச்சு ஜெயிக்க விட்டியே, அத."

குளோரியா கையில் இருந்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. நான் மூணையும் ஒண்ணா வெச்சுக் கேக்கலாம்னுதான் சொன்னேன். மாமாதான் கூடாதுன்னாரு."

"என்ன?"

"வியாழக்கிழமை கோவிலுக்கு நவநாள் ஜெபத்துக்கு வந்தேன்ல, அப்ப உள்ள கூப்பிட்டாரு. 'முதல்ல உங்க ஃப்ளாட்டையும் இந்த வீட்டையும் கேளு. ஹோமைக் கடைசியா வை. மாத்திடாத'ன்னாரு. என்னத் திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சாரு. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. எங்க ஃப்ளாட் வேணாம்னு எல்லார் முன்னாடியும் கடைசில சொன்னா எனக்கு மூஞ்சி தொங்கிடும்னு, எனக்காகத்தான் அப்படிச் செய்யறார்னு நெனச்சேன் அண்ணி."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரிஜெட் அதைத் துடைக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. அவளுக்கு வேறு ஒரு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

சின்ன வயசில் ஒவ்வொரு கோடை லீவுக்கும் ஓட்டு நடக்கும். டெஸ்மண்டுக்கு மைசூர் ஜூ, அவளுக்கு வேளாங்கண்ணிக் கடல், டிரேவருக்குத் தங்கவயல் சித்தப்பா வீட்டு மாமரம். அப்பா டம்ளரைத் தட்டுவார். மைசூரா வேளாங்கண்ணியா என்றுதான் ஆரம்பிப்பார். முடிவில் எல்லாரும் தங்கவயல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு அந்தத் தங்கவயல் தம்பி என்றால் உயிர். பிள்ளைகள்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெருவெல்லாம் பெருமையடிப்பார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "ஹோமா டிரேவர் வீடான்னு வந்தா நீ எதும்மா சொல்லுவ?" என்று கேட்டார். "ஹோம்னு பேச்சே எடுக்காதீங்க, அதுக்கு டிரேவர் வீடே மேல்" என்று அவள் அதட்டினாள். அண்ணனிடமும் கேட்டிருக்கிறார். டிரேவரிடமும் கேட்டிருப்பார். மூன்று பேர் மனசையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் மனுஷன் கூட்டம் போட்டிருக்கிறார்.

யாரிடமிருந்து அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று காலையிலிருந்து அலைந்தாளோ, அந்த ஆள் அப்பாவேதான்.

அறைக்கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் டாடி."

"தனியாவா?"

"தனியாதான்."

வாக்கர் தரையில் உரசுகிற சத்தம் மெல்ல நெருங்கி வந்தது. தாழ்ப்பாள் விலகியது. உள்ளே போனவள் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவருடைய பழைய தோல் பை கட்டிலின் மேல் இருந்தது. வேட்டிகள், ஷேவிங் செட், ஜெபமாலை எல்லாம் உள்ளே போய், ஜிப்பும் மூடியாகிவிட்டது.

"ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே மூட்டை கட்டியாச்சா?"

சின்னப்பா கதவருகிலேயே வாக்கரில் சாய்ந்துகொண்டு நின்றார். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா? உங்கம்மா கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கல."

"சிரிக்காதீங்க டாடி." அவள் பையைக் காட்டினாள். "என்கூட இருக்கப் பிடிக்கலையா? நான் என்ன குறை வெச்சேன்? பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே. எதுக்கு அண்ணன் மேலயும் தம்பி மேலயும் பழியப் போட்டு? அந்தக் குளோரியாவை இப்பதான் அழ வெச்சிட்டு வரேன்."

"நேரா சொன்னா நீ ஏன்னு கேப்ப."

"கேக்காம?"

"அதான். ஓட்டுல தோத்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மெஜாரிட்டின்னு விட்டுடுவாங்க. ஒரு குடும்பம் உடையாம ஒரு ஆள் வெளிய போகணும்னா அதுதான் வழி."

"யார் குடும்பம் உடையாம?"

எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேரைப் பேசி மடக்கிய மனுஷன், மகளிடம் வார்த்தை தேடிக்கொண்டு நின்றார். பிரிஜெட்டுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அது ஹோமைப் பற்றிய பயம் இல்லை.

"நான் கேக்கறேன் டாடி. ஏன்?"

"கதவு சாத்தியிருக்கா பாரு."

அவள் பார்த்தாள். சாத்தியிருந்தது.

அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"அன்னைக்கு பாத்ரூம்ல தண்ணியே இல்லம்மா. படி காஞ்சுதான் கிடந்தது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் வழுக்கி விழல."

பிரிஜெட்டுக்கு ஆடை படிந்த காபி நினைவுக்கு வந்தது. அவருக்கு வேலை இருக்கும் என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் ஸ்கூலில் இருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

"டாடி, அப்ப யாரு..."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. சின்னப்பாவின் பிடி இறுகியது.

"பிரிஜெட்!" ஹாலிலிருந்து மதலைமுத்துவின் குரல் உற்சாகமாக வந்தது. "எல்லாரையும் கூப்பிடு, ஐஸ்கிரீம் உருகுது! மாமாவுக்குப் பிடிச்ச பிஸ்தா வாங்கியிருக்கேன்!"

சின்னப்பா அவள் கையை விட்டார். சேலை முந்தானையை எடுத்து அவளிடமே கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினார்.

"போ" என்றார் அடிக்குரலில். "சிரிச்ச முகமா போ."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உதட்டில் எதையோ வரவழைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. இத்தனை நாளும் அவளைச் சுருக்கென்று குத்திய அந்தச் சத்தம் இன்றைக்கு ஆறுதலாக இருந்தது.